இரண்டு சுவர்களுக்கு நடுவே முளைத்த நிலம்

மேலக்கரிசல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வளவு இருந்தது. வளவு என்றால் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு துவைகல், அவ்வளவுதான். அங்கே ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள், ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் எல்லா வீட்டிலும் தூக்கம் போகும், ஒரு வீட்டில் சண்டை மூண்டால் எல்லா வீட்டிலும் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

அந்த வளவின் கடைசி இரண்டு வீடுகளில் அண்ணன் தம்பி குடும்பங்கள் இருந்தன. அண்ணன் பரமசிவன், தம்பி தளவாய். இரண்டு பேரும் பஸ் நிலையத்தில் ஒரே கொட்டகையில் பைக் பழுது பார்த்தார்கள், ஒரே டப்பாவிலிருந்து ஸ்பானர் எடுத்தார்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அண்ணன் மனைவி ஆவுடைக்கும் தம்பி மனைவி பிச்சம்மாளுக்கும் பேச்சு ஓய்ந்ததே இல்லை. அதையும் அவர்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. சாடையாகத்தான் பேசுவார்கள். அதாவது, ஆவுடையைத் திட்ட வேண்டுமென்றால் பிச்சம்மாள் தன் புள்ளிக்கோழியைக் கூப்பிட்டு, ஆவுடைக்குக் கேட்கிற மாதிரி, கோழியைத் திட்டுவாள்.

"ஏ கோழி, விடியுமுன்னே கடகடன்னு என்னத்தட்டி உருட்டுத? அடுத்தவ உறங்க வேண்டாமா? ஒனக்கு என்ன, மாவு வித்து மாடி கட்டப் போறியோ?"

ஆவுடை கிரைண்டரில் இட்லி மாவு அரைத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையிலிருக்கும் உளுந்துச் சட்டியைப் பார்த்துப் பதில் சொல்வாள்.

"ஏ சட்டி, ஒழைக்கிறவ வீட்டுல சத்தம் வரத்தான் செய்யும். குத்தவச்சித் தின்னுதவளுக்கு உறக்கம் ஒரு கேடா?"

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அதில் பிச்சம்மாளின் குக்கர் விசில் ஆவுடையின் மண்டைக்குள் இறங்கும், ஆவுடையின் கிரைண்டர் பிச்சம்மாளின் பல்லுக்குள் ஆடும். ஆவுடைக்கு வரவர நெஞ்சு படபடத்தது, பின்மண்டையில் ஆணி அடித்த மாதிரி வலித்தது, கண்ணை மூடினால் தூக்கத்துக்குப் பதில் நாளைக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் வரிசை கட்டி வந்தன. தைலம் தேய்த்தாள், மாத்திரை போட்டாள், கோயிலில் விளக்குப் போட்டாள். ஆணி அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வளவு முற்றத்தில் பந்தல் போட்டு மனநல முகாம் நடத்தினார்கள். ஹேமலதா என்ற ஆலோசகர் மேடம் வந்திருந்தார். நல்ல குரல், நல்ல மனசு. எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, அதிலேயே முகம் வாடிப்போய், மேடம் மைக்கைப் பிடித்தார்.

"தினமும் காலையில் மூன்று பேருக்கு நன்றி சொல்லுங்கள். முகத்தைப் பார்த்து, வாய்விட்டு, நன்றி என்ற சொல்லையே சொல்லுங்கள். மனப்பாரம் இறங்கும், தூக்கம் வரும், படபடப்பு அடங்கும். முக்கியமாக, கூட இருக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களுக்குத்தான் நாம் சொல்வதே இல்லை."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஊரில் நன்றி என்பது மேடையில் பேசுகிறவர்கள் கடைசியில் சொல்கிற சொல். சொந்தக்காரியிடம் போய் அதைச் சொன்னால் 'நான் என்ன வெளியாளா?' என்று அவள் மூக்கைச் சிந்துவாள். அங்கே ஒருத்தி குழம்பு கொடுத்தனுப்பினால், வாங்குகிறவள் 'இம்புட்டு எதுக்கு அனுப்புனா, யாரு திங்க?' என்று அலுத்துக்கொள்வாள். அப்புறம் பாத்திரத்தைக் கழுவி, வெறும் பாத்திரமாகத் தராமல், உள்ளே கொஞ்சம் சீனியோ நாலு முருங்கைக்காயோ போட்டுத் திருப்பித் தருவாள். காலங்காலமாக அவ்வளவுதான் வழக்கம்.

ஆனால் ஆவுடைக்குப் பின்மண்டையில் ஆணி இருந்தது. மறுநாள் காலையில், முந்தின நாள் பிச்சம்மாள் கொடுத்தனுப்பிய புளிக்குழம்புப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, உள்ளே ஒன்றும் போடாமல், பிச்சம்மாளின் வாசலில் போய் நின்று, முகத்தைப் பார்த்து நீட்டினாள்.

"நன்றி" என்றாள்.

பிச்சம்மாள் வெறும் பாத்திரத்தைப் பார்த்தாள். ஆவுடையைப் பார்த்தாள். அவள் முகம் அடி வாங்கின மாதிரி ஆயிற்று. அப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர், காய்ந்த ரொட்டியைப் பிட்ட மாதிரி, நெடுகப் பிளந்து இரண்டு சுவராயிற்று. ஓட்டுக்கூரையும் ஓடு உடையாமல் பிரிந்தது. இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குப் புதிதாகச் செம்மண் தெரிந்தது, அதில் ஒரு நெருஞ்சிச் செடிகூட முளைத்துப் பூத்திருந்தது.

"இதை இனி யாரு பெருக்குவா?" என்றுதான் ஆவுடை முதலில் நினைத்தாள்.

அன்றைக்குக் குக்கர் விசில் கொஞ்சம் தூரத்தில் கேட்டது. ஆணி கொஞ்சம் தளர்ந்தது. மேடம் சொன்னது பொய்யில்லை.

அடுத்த நாள் அவள் பாத்திரம் எதுவும் இல்லாமலே போனாள். "நேத்து முற்றம் பெருக்கினதுக்கு நன்றி" என்றாள். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு மண் வந்தது. பிச்சம்மாள் விவரம் தெரியாதவள் இல்லை. அவள் வாசலில் இறங்கி நின்று, இடுப்பில் கை வைத்து, கோழியை விட்டுவிட்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல்முறையாக ஓரகத்தியின் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"எக்கா, நீங்க காலங்காத்தால கிரைண்டர் போட்டு என்னை எழுப்பி விடுதேளே, அதுக்கு நன்றி!"

"ஒம் பேச்சைக் கேட்டு எனக்குக் காது கூர்மையாயிட்டு, அதுக்கு நன்றிட்டி!"

"எம் வீட்டுக்காரருக்கு அண்ணன்னு ஒருத்தரைக் கட்டிக்கிட்டு இருக்கேளே, அதுக்கும் நன்றி!"

"போட்டி, ஒன்னப் பெத்தவளுக்கு நன்றி!"

அந்தக் கடைசி நன்றி வாயிலிருந்து வந்தபோது பிச்சம்மாளின் வீடு துவைகல்லையும் தாண்டி, வளவு மதிலையும் தாண்டி, பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குப் பக்கத்தில் போய் நின்றது. புள்ளிக்கோழியும் கூடவே போயிற்று. கொடியில் காய்ந்த சேலை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

ஊர் இதைப் பார்த்தது. பார்த்துவிட்டு ஆச்சரியப்படவில்லை, பயன்படுத்திக்கொண்டது. மாமியாருக்கு நன்றி சொன்னாள் ஒருத்தி, மாமியாரின் அறை மட்டும் கட்டிலோடு தெருமுனைக்குப் போயிற்று. வாடகைக்கு இருந்தவர்களுக்கு வீட்டுக்காரர் சொன்னார், வாடகைக்கு இருந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள், மாடிப்படி நடுவில் அந்தரத்தில் நின்றது. கடைக்காரரிடமும் கண்டக்டரிடமும் சொன்னால் ஒன்றும் ஆகவில்லை, ஏற்கெனவே இருக்கிற தூரமே போதும் என்று இருக்கும்போல. கூடப் பிறந்தவர், கூடப் படுப்பவர், கூடப் புழங்குபவர், இவர்களிடம் சொன்னால்தான் மண் முளைத்தது. பரமசிவனும் தளவாயும் மட்டும் எப்போதும்போல ஒரு வார்த்தை பேசாமல், கொட்டகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே டப்பாவில் ஸ்பானர் துழாவினார்கள்.

முளைத்த மண் யாருக்குச் சொந்தம் என்று பெரிய தகராறு வந்தது. தாலுகா ஆபீசிலிருந்து சங்கிலியோடு வந்தவர்கள் அளந்து முடிப்பதற்குள், பக்கத்தில் யாராவது யாருக்காவது நன்றி சொல்லிவிட, சங்கிலி எட்டவில்லை. நிலத் தரகர் வள்ளிநாயகம் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முளைத்த மண்ணிலெல்லாம் மனைக்கல் நட்டார். "சண்டை போட்டுக்கிட்டா என்ன லாபம் தாயி? மரியாதையா நன்றி சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் இடம் கெடைக்கும், எனக்கும் பொழப்பு நடக்கும்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஊர் எல்லையில் 'நன்றி, மீண்டும் வருக' என்றிருந்த பலகையில் முதல் சொல்லை யாரோ தார் பூசி அழித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கெட்டவார்த்தைக்குப் பதிலாக அதைச் சுவரில் கரியால் எழுதிவிட்டு ஓடினார்கள்.

ஒன்றுமட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு பொத்தை உண்டு, பொத்தை என்றால் மொட்டைப் பாறைக் குன்று. பொத்தைக்கு இந்தப் பக்கம் நிற்கும் வீடு கண்ணுக்குத் தெரியும். ஒரு நன்றி கூடுதலாகி, பொத்தையைத் தாண்டிவிட்டால் அந்த வீட்டை அப்புறம் யாரும் பார்த்ததில்லை. அதே வளவிலிருந்த ரோஸ்லின் டீச்சரின் வீடு அப்படித்தான் போயிற்று. டீச்சர் ஒழுங்கானவர். மேடம் சொன்னபடியே தன் தங்கைக்குத் தினமும் மனசாரச் சொன்னார். அதற்கு முன்பே, வளவில் யார் யாரிடம் வாங்கினாரோ அவர்களுடைய பாத்திரத்தையெல்லாம், ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்காமல், பளபளவென்று கழுவித் திருப்பித் தந்திருந்தார். ஒரு நாள் காலையில் அவர் வீடு பொத்தைக்கு மேலே ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது, அவ்வளவுதான். தங்கை அடிவாரத்தில் நின்று, திட்டுவதற்கு ஒரு வார்த்தை தேடி, கிடைக்காமல் திரும்பி வந்தாள்.

ஆவுடை இதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். கவலைப்படவில்லை. அவள் இப்போது நன்றாகத் தூங்கினாள். பிச்சம்மாள் இடையிடையே நடந்து வந்து ஒரு நன்றியைக் கக்கிவிட்டுப் போவாள். இவள் மாவுக் கூடையோடு அந்தப் பக்கம் போகும்போது ஒன்றைத் திருப்பிக் கொடுப்பாள். பிச்சம்மாளின் வீடு கழிப்பறையிலிருந்து ரைஸ் மில்லுக்கும், ரைஸ் மில்லிலிருந்து குளத்தங்கரைக்கும், குளத்தங்கரையிலிருந்து கடைசியில் பொத்தையின் அடிவாரத்துக்கும் போய், அங்கே கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அங்கிருந்து குக்கர் விசில் கேட்காது. கோழியைத் திட்டுகிற குரல் கேட்காது. ஆவுடையின் நெஞ்சு சீராக அடித்தது. மேடம் மறுபடி வந்து ஊர் முழுக்க ரத்த அழுத்தம் பார்த்து, எல்லாருக்கும் இறங்கியிருப்பதைக் கண்டு, கண்கலங்கி, அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தினார். வீட்டுக்கு வீடு நடந்து கால் வீங்கியதுதான் மேடத்துக்கு ஏன் என்று புரியவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. ஒரு மத்தியானம் ஆவுடை மாவை வழித்துக்கொண்டிருந்தபோது, பழக்கத்தில், உளுந்துச் சட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். நல்ல வார்த்தை. கூர்மையான வார்த்தை. முன்பு அதைச் சொல்லியிருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் தரையில் மோதியிருக்கும். இப்போது அந்த வார்த்தை சுவரில் பட்டு, அதற்கப்பால் இருந்த வெற்று மண்ணில் விழுந்து, அப்படியே கிடந்தது. ஆவுடை கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நின்றாள். நெருஞ்சி முள்ளில் காற்று போயிற்று. கிரைண்டர் மோட்டார் சூடாகி வாடை அடிக்கிற வரைக்கும் அவள் அப்படியே நின்றாள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்த பரமசிவன், வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தார்.

"தளவாய் இன்னைக்குப் பேசினான்."

"என்னது, அவரு பேசினாராக்கும்? வானம் இடிஞ்சி விழலியா?"

"நாளைக்கி வெள்ளிக்கிழமை. அவன் வீட்டுக்காரி காலையில வாராளாம். ஒம் மொகத்தப் பாத்து, கடைசியா ஒரு தடவை சொல்லிட்டுப் போயிருதாளாம். அதோட வீடு பொத்தையைத் தாண்டிரும். அவனுக்கு அங்கேருந்து கொட்டகைக்கு வர வழி இருக்காதுன்னான்." அவர் சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், வாயில் வைக்கவில்லை. "டப்பாவுல பாதி ஸ்பானர் அவனுது."

"வரட்டும்" என்றாள் ஆவுடை. "வந்து சொல்லட்டும். சனியன் விட்டதுன்னு நானும் ஒண்ணு சொல்லி அனுப்புதேன்."

சொல்லிவிட்டு, ரசத்துக்குப் புளி எடுக்க அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டாள். கைக்குப் புளிப்பானை வரவில்லை. ஒரு தூக்குச்சட்டி வந்தது. மூடியில் ஒரு பக்கம் நசுங்கல், அடியில் 'பி' என்று ஆணியால் பொளிந்த எழுத்து.

அது ஆவுடைக்குக் கர்ப்பப்பை எடுத்த வருஷம் வந்த சட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, பிச்சம்மாள் அந்தச் சட்டியில்தான் கஞ்சி கொண்டுவந்தாள். கொண்டுவந்தவள் சும்மா கொண்டுவரவில்லை. 'மகாராணி படுத்துட்டா, ஊழியக்காரி ஓடணும்' என்று கோழியிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆவுடையைத் தூக்கி உட்காரவைத்து, 'என்னா கனம் கனக்கா, மாவை விக்காளா திங்காளா?' என்று சுவரிடம் கேட்டாள். ரத்தத் துணியையெல்லாம் வாரிக்கொண்டு போய் முற்றத்துத் துவைகல்லில் போட்டு அடித்து, வளவு முழுக்கக் கேட்கும்படி ஆவுடையின் ஏழு தலைமுறையையும் ஏசினாள். ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. ஆவுடை ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, சொல்லத் தோன்றியதும் இல்லை. கஞ்சியில் உப்பு குறைவு என்றுதான் சொன்னாள். சட்டியைத் திருப்பித் தரவும் மறந்துபோனாள். அப்போது அந்தச் சுவர் எவ்வளவு மெல்லிசாக இருந்தது என்றால், இந்தப் பக்கம் இவள் முனகினால் அந்தப் பக்கம் அவள் 'இந்தா வாரேன், சவமே' என்பாள்.

ஆவுடை சட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரோஸ்லின் டீச்சர் ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்காமல் போனது நினைவுக்கு வந்தது. பிச்சம்மாளின் வீடு இத்தனை நன்றிக்குப் பிறகும் பொத்தை அடியிலேயே முட்டிக்கொண்டு நிற்பதற்கு இந்த நசுங்கின சட்டிதான் காரணமோ என்று தோன்றியது. அப்படியானால் இதை வெறுமனே திருப்பித் தந்தால் எல்லாம் முடிந்தது. தராமல் ஒளித்து வைத்தாலும் நாளைக்கு அவள் வந்து சொல்லிவிட்டால் முடிந்ததுதான்.

"யாருகிட்ட சொல்லுதா அவ?" என்றாள் சட்டியிடம். "பொத்தைக்கு அங்கிட்டுப் போயி எவளை ஏசுவா? பாப்போம்."

அவள் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. அப்போதே அரிசியும் பருப்பும் களைந்து அடுப்பில் வைத்தாள். முருங்கைக்கீரை உருவினாள், கத்தரிக்காய் நறுக்கினாள், தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைத்தாள். கூட்டாஞ்சோறு கிண்டினாள். கூட்டாஞ்சோற்றில் பிச்சம்மாளை மிஞ்ச அந்த ஊரில் ஆளில்லை, அது ஆவுடைக்கே தெரியும். எல்லாம் போட்டாள். கடைசியில் உப்புச் சாடியைத் திறந்தாள். கை உள்ளே போயிற்று. கொஞ்சம் யோசித்தாள். கையை வெறுமனே வெளியே எடுத்து, சாடியை மூடி வைத்துவிட்டு, சோற்றைத் தூக்குச்சட்டியில் அள்ளி நிரப்பிக்கொண்டு கிளம்பினாள்.

பஸ் நிலையத்தைத் தாண்டி, ரைஸ் மில்லைத் தாண்டி, குளத்தங்கரையைத் தாண்டி, இதற்குமுன் எங்குமே இல்லாத அந்தப் புது நிலத்தில், வள்ளிநாயகம் நட்ட மனைக்கற்களுக்கு நடுவே, நெருஞ்சி குத்தக் குத்த ஆவுடை நடந்தாள். ஒவ்வொரு முள்ளுக்கும் பிச்சம்மாளை ஒரு வார்த்தை ஏசினாள். அவ்வளவு தூரத்துக்கும் முள்ளுக்கும் போதுமான ஏச்சு அவளிடம் இருந்தது. வெயில் சாய்ந்தபோது பொத்தையின் நிழல் விழுந்த அந்த வாசலை அடைந்தாள். புள்ளிக்கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

பிச்சம்மாள் வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். தூங்கித் தூங்கிக் கண் வீங்கியிருந்தது. அவள் ஆவுடையைப் பார்த்தாள். நாளைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று அவள் நினைப்பது முகத்தில் தெரிந்தது. முதுகை நிமிர்த்தி, சேலையைச் சரிசெய்து, மேடையில் பேசுகிறவளைப் போலத் தொண்டையைச் செருமினாள்.

"எக்கா. இத்தனை வருஷமா நீங்க எனக்குச் செஞ்ச எல்லாத்துக்கும்—"

வீட்டின் அஸ்திவாரம் முனகியது. பொத்தையிலிருந்து சரளைக்கல் உருண்டது.

ஆவுடை சட்டென்று அவளுக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பி, கோழியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஏ கோழி! ஒனக்கு அறிவிருக்காட்டி? ஒருத்தி முடியாமக் கெடந்தப்போ தெனமும் கஞ்சி கொண்டாந்தியே, அதுல ஒரு கல்லு உப்புப் போட்டா ஒங்க அப்பன் வீட்டுச் சொத்து கொறஞ்சிருமா? எம் ரத்தத்துணியைத் தொவைச்சியே, தொவைச்சவ வாயைப் பொத்திக்கிட்டுத் தொவைக்கப்படாதா? ஊரெல்லாம் கேக்க ஏசினியே, எனக்கு மானம் போச்சா இல்லையா? தூக்கி உக்கார வச்சி முதுகைத் தடவுனியே, ஒன் கை என்னா சொரசொரப்பு, ஒரு எண்ணெய் வச்சிக்கத் தெரியாதா? இதையெல்லாம் நான் மறந்துட்டேன்னு நெனச்சியோ? சாகுத வரைக்கும் மறக்க மாட்டேன், தெரிஞ்சுக்கோ!"

கோழி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்று கேட்டது.

ஆவுடை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகம் தெரியும், முகம் தெரிந்தால் அவள் சொல்லிவிடுவாள். தூக்குச்சட்டியைப் பின்பக்கமாக நகர்த்தினாள். மூடி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு விரல் எடுத்து வாயில் வைக்கிற நேரம் போயிற்று.

பிச்சம்மாள் சட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"ஏ சட்டி... இத்தனை காலம் அவ வீட்டுல கெடந்தியே, ஒன்னைத் திருப்பிக் கொடுக்க அந்தக் கல்நெஞ்சக்காரிக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? இது என்ன சட்டி இது? கூட்டாஞ்சோறா? கோந்தா? சுவரொட்டி ஒட்டவா கொண்டாந்தா? உப்பு எங்கட்டி? கிரைண்டர் கரண்டுக்குக் காசு இருக்கு, உப்புக்கு இல்லையாக்கும்! இங்க ஒருத்தி ஏச ஆளில்லாம, வாய் துருப்பிடிச்சி, இந்தக் கோழியை நெசமாவே ஏசிக்கிட்டுக் கெடக்கா. சவம், அதுக்கு என்ன புரியும்? கண்ணு நெறையத் தூங்குதேன், தூங்கி எழுந்தா தலைவலிகூட இல்ல. தலைவலிகூட இல்லாம ஒருத்தி எப்படிட்டி இருப்பா?"

சொல்லச் சொல்ல அவள் பிடிபிடியாக அள்ளித் தின்றாள். தின்றுகொண்டே ஏசினாள். ஆவுடை கோழியைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். வெயில் இறங்குகிற வரைக்கும் கோழியும் சட்டியும் வாங்கிக் கட்டிக்கொண்டன. இரண்டு பேரும் மூச்சு வாங்க நிறுத்தியபோது பொத்தை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. கருவேல மரங்கள் ஒன்றுமேல் ஒன்று ஏறி நெருங்கி நின்றன.

அந்த நிலம் ஒரே நாளில் போகவில்லை. ஆவுடை மாவு விற்றுவிட்டு வரும் வழியில் அந்தப் பக்கம் போய்க் கோழியைத் திட்டிவிட்டு வந்தாள், பதிலுக்குப் பிச்சம்மாள் தன் வாசலில் நின்று சட்டியைத் திட்டினாள். வீடு வந்த வழியே திரும்பியது. வள்ளிநாயகம் நட்ட கற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப் போலக் கும்பலாகக் குவிந்தன. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, மரியாதையா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கெஞ்சினார். "போரும்வே" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அதைக் கேட்டுவிட்டு மாமியாரைத் தெருமுனைக்கு அனுப்பியவள், கட்டிலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். ஊரில் மறுபடி இரைச்சல் கூடியது. ரோஸ்லின் டீச்சரின் தங்கை மட்டும் பொத்தை அடியில் போய் நின்று கத்திப் பார்த்தாள். டீச்சர் வீட்டுச் சாமான் ஒன்றுகூட அவளிடம் இல்லை, அவளுடையது ஒன்றும் டீச்சரிடம் இல்லை. அந்த வீடு வரவில்லை.

மேடம் வந்தார். எல்லாருக்கும் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மேடம் நொந்துபோய் ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நன்றி சொல்வதை நிறுத்திவிட்டீர்களா அம்மா?"

"நிறுத்தலியே மேடம்" என்றாள் ஆவுடை. "விடிஞ்சா அடைஞ்சா அதேதான் வேலை. கழுத்து நரம்பு பொடைக்கச் சொல்லிக்கிட்டுல்லா இருக்கேன்."

அப்போது இரண்டு சுவர்களும் நெருங்கி வந்து, கடைசி நெருஞ்சிச் செடியை நசுக்கி, பழைய ஒற்றைச் சுவராக ஒட்டிக்கொண்டன. மேல்தட்டுப் பாத்திரங்கள் கலகலத்தன. குக்கர் விசில் ஆவுடையின் மண்டைக்குள் நேராக இறங்கி, பழைய ஆணியைப் பழைய இடத்திலேயே அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிச்சம்மாள் வந்து தூக்குச்சட்டியை வாசலில் 'ணங்'கென்று வைத்துவிட்டுப் போனாள். ஆவுடை மூடியைத் திறந்தாள். சட்டி வெறுமையாக இல்லை. விளிம்பு வரைக்கும் கல்லுப்பு இருந்தது.

"யாருக்கு வேணும் இவ உப்பு?" என்றாள் ஆவுடை, சுவருக்குக் கேட்கும்படி. சொல்லிவிட்டு, சாடியிலிருந்த தன் உப்பைத் தூரக் கொட்டி, அந்த உப்பை அதில் நிரப்பி வைத்தாள். சட்டியை மட்டும் திருப்பித் தரவில்லை.